புரோஸ்டேட் புற்றுநோயும் கதிர்வீச்சு சிகிச்சைகளும்: ஒப்பிட்டு அறிவோம், தெளிந்து தேர்வோம்



ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து மக்கள் எல்லாரும் கலைந்து சென்ற பின்னர், கிளைக்கிராமத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நமது இல்லத்துத் திண்ணையில் காத்திருந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வயது 66. கையில் மஞ்சள் பை, அதற்குள் மருத்துவமனைக் காகிதங்கள். "சாமி, எனக்குப் புரோஸ்டேட்ல கேன்சர்னு சொல்லிட்டாங்க. கரண்டு வைக்கணுமாம். அதுல நாலஞ்சு வகை இருக்காம். எது வேணும்னு என்னையே முடிவு பண்ணச் சொல்றாங்க. நான் என்னத்தக் கண்டேன்?" என்றார். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டார்.

அவருக்கு விடை சொல்ல அன்று நம்மிடம் அறிவு இல்லை. நாம் மருத்துவர் அல்ல. ஆனால் அதன்பின் படித்தும், மருத்துவர்களிடம் கேட்டும், நோயாளிகளின் வீடுகளில் அமர்ந்தும் நாம் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அன்று. மருத்துவரின் முன் அமரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு செல்வதற்கான ஓர் உதவி மட்டுமே.

புரோஸ்டேட் என்பது என்ன?

ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி இது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னே அமைந்துள்ளது. சிறுநீர்க்குழாய் இதன் நடுவே புகுந்து செல்கிறது. ஆண்மை உணர்வுக்கான நரம்புகள் இதன் இருபக்கமும் ஒட்டிச் செல்கின்றன. இந்த அமைப்பை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் பக்கவிளைவுகள் எல்லாம் எளிதில் புரியும். சிறுநீர், மலம், தாம்பத்தியம் ஆகிய மூன்றுக்கும் உரிய உறுப்புகள் சுரப்பியைச் சூழ்ந்து நிற்கின்றன. எந்தச் சிகிச்சையாயினும் இவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தொடாமல் செல்வது கடினம்.

முதல் கேள்வி: சிகிச்சை இப்போதே தேவையா?

எந்தக் கதிர்வீச்சு என்று கேட்பதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி இது. புரோஸ்டேட் புற்றுநோய் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு, பயாப்சியில் கிடைக்கும் கிளீசன் மதிப்பெண், கட்டி எவ்வளவு பரவியுள்ளது என்னும் மூன்றையும் கொண்டு மருத்துவர்கள் நோயாளிகளைப் பிரிக்கின்றனர். பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழும், கிளீசன் 6-ஆகவும், கட்டி சிறிதாகவும் இருந்தால் குறைந்த ஆபத்து. பி.எஸ்.ஏ. 20-க்கு மேல், அல்லது கிளீசன் 8 முதல் 10 வரை, அல்லது கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டியிருந்தால் அதிக ஆபத்து. இவற்றுக்கு இடைப்பட்டது நடுத்தர ஆபத்து.

குறைந்த ஆபத்து உள்ளவர்களுக்கு உடனடியாக எதுவும் செய்யாமல், பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., மறுபயாப்சி ஆகியவற்றால் கண்காணித்து வருவதே இன்று பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. இது நோயைக் கைவிடுவது அன்று, காவல் காப்பது.

இதற்கு ஆதாரமான ஆய்வு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பிரிட்டனில் நடந்த 'புரோடெக்ட்' ஆய்வில், 1999 முதல் 2009 வரை நோய் கண்டறியப்பட்டவர்களுள் 1,643 ஆண்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குக் கண்காணிப்பு, ஒன்றுக்கு அறுவை சிகிச்சை, ஒன்றுக்குக் கதிர்வீச்சு. 15 ஆண்டு முடிவுகள் 2023-ல் வெளியாயின. புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1 விழுக்காடு, அறுவையில் 2.2, கதிர்வீச்சில் 2.9. பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நோய் உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவியது கண்காணிப்பில் 9.4 விழுக்காடு, மற்ற இரண்டிலும் ஏறத்தாழ 5 விழுக்காடு. இவர்களுள் பெரும்பாலோர் குறைந்த, நடுத்தர ஆபத்து உள்ளவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. கிளீசன் 9 உள்ள ஒருவர் இதைக் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

இதிலிருந்து நாம் பெறும் ஆறுதல் ஒன்று உண்டு. பெரும்பாலோருக்கு, ஓரிரு வாரங்கள் அமர்ந்து யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

'கரண்ட் வைத்தல்' என்றால் என்ன?

மக்கள் பேச்சில் 'கரண்ட் வைத்தல்' என்று சொன்னாலும், இதில் உடலுக்குள் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. மிகுந்த ஆற்றலுடைய எக்ஸ் கதிர்கள் கட்டியின் மேல் செலுத்தப்படுகின்றன. அவை புற்றணுக்களின் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன; அந்த அணுக்கள் பிரிந்து பெருகும்போது மடிகின்றன. நல்ல அணுக்களும் பாதிக்கப்படுகின்றன. ஆனால் அவற்றுக்குத் தம்மைச் சரிசெய்துகொள்ளும் திறன் அதிகம். அதனால்தான் ஒரே நாளில் முழுவதையும் கொடுக்காமல், பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றனர். கதிர்வீச்சின் அளவைக் 'கிரே' என்னும் அலகால் குறிக்கின்றனர்.

சிகிச்சையின்போது வலி இருக்காது. தலைமுடி கொட்டாது. வெளியிலிருந்து கதிர்வீச்சு பெற்றவரிடமிருந்து பிறருக்குக் கதிர் பரவாது. அவர் அன்று மாலையே பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். இவற்றைத் தெரியாமல் தனித்தட்டு, தனிப்பாய் என்று ஒதுக்கி வைத்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

வெளியிலிருந்து தரப்படும் கதிர்வீச்சு

லீனியர் ஆக்சிலரேட்டர் என்னும் பெரிய இயந்திரம் நோயாளியைச் சுற்றி வந்து பல கோணங்களிலிருந்து கதிரைப் பாய்ச்சுகிறது. ஐ.எம்.ஆர்.டி. என்ற முறையில், கதிரின் வடிவமும் வலிமையும் ஒவ்வொரு கோணத்திலும் மாற்றப்பட்டு, கட்டியின் உருவத்துக்கு ஏற்ப அமைகின்றன. ஐ.ஜி.ஆர்.டி. என்பது ஒவ்வொரு நாளும் சிகிச்சைக்கு முன் படம் எடுத்துச் சுரப்பி எங்கே இருக்கிறது என்று சரிபார்ப்பது. சிறுநீர்ப்பையும் மலக்குடலும் நிரம்புவதையும் காலியாவதையும் பொறுத்துச் சுரப்பி நாள்தோறும் சற்று நகரும் என்பதால் இது முக்கியம். பழைய கோபால்ட் இயந்திரத்தில் மலக்குடலைக் காத்துக்கொண்டு உயர்ந்த அளவைத் தருவது கடினம். ஆகவே, எந்த இயந்திரம், நாள்தோறும் படம் எடுப்பார்களா என்று கேட்பதில் தவறில்லை.

எத்தனை நாட்கள் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

முதலாவது, நீண்ட முறை. வாரத்துக்கு 5 நாட்கள் வீதம் 37 முதல் 40 தடவைகள். ஏறத்தாழ 8 வாரங்கள். மொத்தம் 74 முதல் 80 கிரே. பல ஆண்டுகள் இதுவே வழக்கமாக இருந்தது.

இரண்டாவது, 20 தடவை முறை. ஒவ்வொரு தடவையும் சற்று அதிக அளவு. 4 வாரங்களில் 60 கிரே. பிரிட்டனில் 3,216 ஆண்கள் பங்கேற்ற 'சிப்' ஆய்வின் முடிவுகள் 2016-ல் வெளியாயின. 5 ஆண்டுகளில் நோய் திரும்பாதிருந்தவர்கள் 37 தடவை பெற்றவர்களில் 88.3 விழுக்காடு, 20 தடவை பெற்றவர்களில் 90.6 விழுக்காடு. நீண்டகாலப் பக்கவிளைவுகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இதன்பின் பல நாடுகளில் 20 தடவையே வழக்கமாயிற்று.

மூன்றாவது, 5 தடவை முறை. எஸ்.பி.ஆர்.டி. என்று அழைக்கப்படுகிறது. ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் முடிந்துவிடும். 'பேஸ்-பி' என்னும் ஆய்வில் குறைந்த, நடுத்தர ஆபத்துள்ள 874 ஆண்கள் பங்கேற்றனர். முடிவு 2024-ல் வெளியாயிற்று. 5 ஆண்டுகளில் நோய் திரும்பாதிருந்தவர்கள் 5 தடவையில் 95.8 விழுக்காடு, நீண்ட முறைகளில் 94.6 விழுக்காடு. நோயைக் கட்டுப்படுத்துவதில் இது பின்தங்கவில்லை. ஆனால் 5 ஆண்டுகளுக்குள் எப்போதேனும் குறிப்பிடத்தக்க சிறுநீர்த் தொல்லைக்கு ஆளானவர்கள் 5 தடவையில் 26.9 விழுக்காடு, மற்றதில் 18.3 விழுக்காடு. மலக்குடல் தொல்லை இரண்டிலும் 10 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. ஏற்கெனவே சிறுநீர் கழிப்பதில் சிரமம் உள்ளவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது, புரோட்டான் சிகிச்சை. எக்ஸ் கதிர் உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறும். புரோட்டான் துகளோ குறிப்பிட்ட ஆழத்தில் தன் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். சென்னையில் 2019-ல் புரோட்டான் மையம் தொடங்கப்பட்டது. தென்னாசியாவில் அதுவே முதலாவது. குழந்தைகளின் மூளைக்கட்டி போன்றவற்றில் இதன் பயன் பெரிது. புரோஸ்டேட்டுக்கு? அமெரிக்காவில் 450 ஆண்களிடம் புரோட்டானையும் ஐ.எம்.ஆர்.டி.யையும் ஒப்பிட்ட 'பார்ட்டிகால்' ஆய்வின் முடிவு 2024-ல் அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மலக்குடல் நலத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. புரோட்டானுக்குச் செலவு பன்மடங்கு அதிகம். புரோஸ்டேட்டுக்காக வீட்டை அடகு வைத்து அதைத் தேட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே இதிலிருந்து நாம் புரிந்துகொள்வது.

உள்ளிருந்து தரப்படும் கதிர்வீச்சு

பிராக்கிதெரபி என்பது கதிர்வீச்சுப் பொருளைச் சுரப்பிக்குள்ளேயே வைப்பது. இதில் இரு வகைகள் உண்டு.

ஒன்று, நிரந்தர விதைகள். அரிசி மணியளவு உள்ள அயோடின்-125 விதைகள் பல, மயக்க மருந்து கொடுத்து, ஊசி வழியாகச் சுரப்பிக்குள் விதைக்கப்படுகின்றன. அவற்றின் வீரியம் ஏறத்தாழ 60 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வந்து, ஓர் ஆண்டுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். விதைகள் உள்ளேயே தங்கிவிடும். முதல் சில மாதங்களுக்குக் கர்ப்பிணிகளின் அருகில் நெடுநேரம் அமர்வதையும், குழந்தைகளை நெடுநேரம் மடியில் வைத்துக்கொள்வதையும் தவிர்க்கச் சொல்வார்கள்.

மற்றொன்று, தற்காலிக முறை. இரிடியம்-192 என்னும் வலிமை மிக்க பொருள் மெல்லிய குழாய்கள் வழியாகச் சில நிமிடங்கள் உள்ளே சென்று திரும்பிவிடும். உடலில் எதுவும் தங்காது. பெரும்பாலும் வெளிக்கதிர்வீச்சுடன் சேர்த்துக் கூடுதல் அளவாகத் தரப்படுகிறது.

உள்கதிர்வீச்சின் வலிமையையும் விலையையும் கனடாவை மையமாகக் கொண்டு நடந்த 'அசெண்ட்' ஆய்வு காட்டியது. நடுத்தர, அதிக ஆபத்துள்ள 398 ஆண்களில், வெளிக்கதிர்வீச்சுடன் விதைகளும் பெற்றவர்களில் 9 ஆண்டுகளில் பி.எஸ்.ஏ. ஏறாதிருந்தவர்கள் 83 விழுக்காடு. வெளிக்கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 62 விழுக்காடு. ஆனால் கடுமையான சிறுநீர்த் தொல்லை 5 ஆண்டுகளில் முன்னவர்களுக்கு 18 விழுக்காடு, பின்னவர்களுக்கு 5 விழுக்காடு. உயிரோடிருந்த காலத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்குவது போன்றதே இது. சுரப்பி மிகப் பெரிதாக இருப்பவர்கள், சிறுநீர் ஓட்டம் மிகக் குறைந்தவர்கள், முன்பே சுரப்பியைச் சுரண்டி எடுத்தவர்கள் ஆகியோருக்கு உள்கதிர்வீச்சு பொருந்தாமல் போகலாம்.

உடன் சேர்பவை

நடுத்தர, அதிக ஆபத்துள்ளவர்களுக்குக் கதிர்வீச்சோடு ஹார்மோன் ஊசியும் தரப்படுகிறது. ஆண் ஹார்மோனை அடக்கினால் புற்றணுக்கள் வலுவிழக்கும். நடுத்தர ஆபத்தில் பலருக்கு 4 முதல் 6 மாதங்கள். அதிக ஆபத்தில் ஒன்றரை முதல் 3 ஆண்டுகள் வரை. உடல் திடீரெனச் சூடாகி வியர்ப்பது, எடை கூடுவது, எலும்பு தேய்வது, சர்க்கரை ஏறுவது, மனச்சோர்வு, தாம்பத்திய விருப்பம் குன்றுவது ஆகியவை இதன் விளைவுகள். ஆகவே, கதிர்வீச்சால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று பிரித்தறிவது அவசியம். ஊசியால் வந்தவற்றுள் பல, ஊசி நிறுத்தப்பட்ட சில மாதங்களில் குறையும்.

அதிக ஆபத்துள்ளவர்களுக்கு அடிவயிற்று நிணநீர்க் கட்டிகளுக்கும் கதிர்வீச்சு தரலாமா என்ற கேள்விக்கு நம் நாட்டிலிருந்தே ஒரு விடை வந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 224 நோயாளிகளிடம் நடந்த 'பாப்-ஆர்டி' ஆய்வின் முடிவு 2021-ல் வெளியாயிற்று. நிணநீர்ப் பகுதிக்கும் சேர்த்துத் தந்தவர்களில் 5 ஆண்டுகளில் பி.எஸ்.ஏ. ஏறாதிருந்தவர்கள் 95 விழுக்காடு. சுரப்பிக்கு மட்டும் தந்தவர்களில் 81.2 விழுக்காடு. ஆனால் பிற்காலச் சிறுநீர்த் தொல்லை 20 விழுக்காடு, மற்றதில் 8.9 விழுக்காடு.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் கதிர்வீச்சு தேவைப்படலாம். முன்பு அறுவைக்குப் பின் உடனே கொடுப்பது உண்டு. 2020-ல் வெளியான 'ராடிகல்ஸ்' ஆய்வுக்குப்பின், பி.எஸ்.ஏ.யைக் கண்காணித்து, அது ஏறத் தொடங்கியதும் கொடுப்பதே பெரும்பாலோருக்குப் போதுமானது என்று தெளிவாயிற்று. நோய் எலும்புக்குப் பரவிய நிலையிலும் கதிர்வீச்சுக்கு இடம் உண்டு. பரவல் குறைவாக இருந்தவர்களுக்குச் சுரப்பிக்குக் கதிர்வீச்சு தந்தபோது ஆயுள் நீடித்தது என்று 2018-ல் 'ஸ்டாம்பீட்' ஆய்வு காட்டியது. எலும்பு வலிக்கு 8 கிரே அளவில் ஒரே ஒரு தடவை தருவதே பலருக்கு நல்ல நிவாரணம் தருகிறது. "முற்றிவிட்டது, இனி எதற்கு?" என்று வலியோடு படுக்கையில் கிடக்க விடுவது சரியன்று.

பக்கவிளைவுகள்: மறைக்காமல் பேசுவோம்

பக்கவிளைவுகள் இரு பருவங்களில் வருகின்றன. சிகிச்சை தொடங்கிய இரண்டாம், மூன்றாம் வாரத்தில் சோர்வு, அடிக்கடி சிறுநீர், எரிச்சல், வயிறு இளகுதல் ஆகியவை தொடங்கி, முடிந்தபின் சில வாரங்களில் அடங்கும். மற்றவை ஆறு மாதங்களுக்குப் பின்னோ, சில ஆண்டுகள் கழித்தோ வருபவை. "முடிந்து மூன்று வருடம் ஆச்சே" என்று அவற்றை அலட்சியம் செய்யக் கூடாது.

சிறுநீர்: இரவில் பலமுறை எழுவது, அவசரம், சில நேரம் இரத்தம், அரிதாகச் சிறுநீர்க்குழாய் சுருங்குதல். ஆனால் சிறுநீர் தானாகக் கசியும் தொல்லை அறுவையில்தான் அதிகம். 'புரோடெக்ட்' ஆய்வில், ஆறு மாதங்களில் கசிவுக்காகப் பஞ்சுத்துணி வைக்க நேர்ந்தவர்கள் அறுவையில் 46 விழுக்காடு, கதிர்வீச்சில் 5, கண்காணிப்பில் 4. ஆறு ஆண்டுகளில் அறுவையில் 17, கதிர்வீச்சில் 4, கண்காணிப்பில் 8.

மலம்: அடிக்கடி போக வேண்டியிருத்தல், அவசரம், மலத்தில் இரத்தம், கசிவு. இங்கே கதிர்வீச்சுதான் பின்தங்குகிறது. அதே ஆய்வில் 12-ஆம் ஆண்டில் மலக்கசிவு கதிர்வீச்சு பெற்றவர்களில் 12 விழுக்காடு, மற்ற இரு குழுக்களில் 6 விழுக்காடு. அந்த ஆய்வில் பயன்பட்டது பழைய நுட்பம், இன்றைய ஐ.எம்.ஆர்.டி. மலக்குடலை மேலும் நன்றாகக் காக்கிறது. சுரப்பிக்கும் மலக்குடலுக்கும் இடையே கரையும் ஜெல்லை வைத்து இடைவெளி உண்டாக்கும் முறையும் உண்டு. ஒன்றை மறவாதீர்கள்: கதிர்வீச்சுக்குப் பின் மலத்தில் இரத்தம் வந்து குடல் பரிசோதனைக்குச் சென்றால், "எனக்குப் புரோஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். கதிர்பட்ட மலக்குடல் சுவரில் தேவையின்றிச் சதை எடுத்தால் ஆறாத புண் உண்டாகலாம்.

தாம்பத்தியம்: ஆண்கள் வாய் திறந்து கேட்காத கேள்வி இதுதான். 'புரோடெக்ட்' ஆய்வில் தொடக்கத்தில் உடலுறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தவர்கள் 67 விழுக்காடு. ஆறு மாதங்களில் கண்காணிப்பில் 52, கதிர்வீச்சில் 22, அறுவையில் 12. ஆறு ஆண்டுகளில் முறையே 30, 27, 17. ஹார்மோன் ஊசியின் பங்கும், வயதின் பங்கும் இதில் உண்டு. கதிர்வீச்சுக்குப் பின் விந்து வெளியேறுவது குறையும் அல்லது நின்றுவிடும். மாத்திரைகள் பலருக்கு உதவுகின்றன. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் அவற்றை எடுத்தால் இரத்த அழுத்தம் ஆபத்தாக வீழ்ந்துவிடும். எனவே மருந்துக்கடையில் தாமாக வாங்கக் கூடாது.

இவற்றோடு, பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ வேறொரு புற்றுநோய் வரும் சிறிய வாய்ப்பும் உண்டு. 70 வயதுக்காரருக்கு இது பெரிய கவலை அன்று. 50 வயதுக்காரர் கேட்டறிய வேண்டியது.

கதிர்வீச்சுக்குப் பின் நோய் திரும்பினால் அறுவை செய்வது கடினம் என்பதும், அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தருவது எளிது என்பதும் முடிவெடுக்கும்போது எண்ண வேண்டியவை. கதிர்வீச்சுக்குப் பின் பி.எஸ்.ஏ. உடனே பூச்சியத்துக்கு வராது, மெல்ல இறங்கும். இடையில் சற்று ஏறி இறங்குவதும் உண்டு. இறங்கிய மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கொள்கின்றனர். ஆகவே ஒவ்வொரு சிறு ஏற்றத்துக்கும் உறக்கம் இழக்க வேண்டாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நாம் ஒரு தாளில் எழுதி, கேட்பவர்களுக்குக் கொடுத்துவரும் கேள்விகள் இவை. எனக்கு எந்த ஆபத்துப் பிரிவு? கண்காணித்தால் போதுமா? எத்தனை தடவை, எத்தனை கிரே? நாள்தோறும் படம் எடுத்துச் சரிபார்ப்பீர்களா? ஹார்மோன் ஊசி உண்டா, எத்தனை மாதங்கள்? இப்போது எனக்குள்ள சிறுநீர்த் தொல்லைக்கு எந்த முறை ஏற்றது? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த முறை அடங்குமா?

நீங்களும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய், குடல் புண் நோய், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை, முன்பு செய்த அறுவை, புகைப்பழக்கம் எதையும் மறைக்க வேண்டாம்.

சிகிச்சை நாட்களில் மலக்குடல் காலியாகவும், சிறுநீர்ப்பை சொல்லப்பட்ட அளவுக்கு நிரம்பியும் இருக்க வேண்டும். மொச்சை, கொண்டைக்கடலை, முட்டைக்கோசு போன்ற வாயு தரும் உணவுகளைக் குறைக்கச் சொல்வார்கள். உடலில் போட்ட மையக் குறியைத் தேய்த்துக் கழுவிவிடக் கூடாது. இயந்திரத்தில் படுத்திருப்பது பத்து, பதினைந்து நிமிடங்களே. ஆனால் ஒரு நாளும் தவறவிடாமல் போய் முடிப்பதே சிகிச்சையின் பாதி. தொலைவிலிருந்து வருபவர்களுக்கு 40 நாள், 20 நாள், 5 நாள் என்ற வேறுபாடு மருத்துவக் கணக்கு மட்டும் அன்று. பேருந்துக் கட்டணம், அறை வாடகை, உடன் வருபவரின் கூலி எல்லாம் அதில் அடங்கும். ஊர்க்காரர்கள் முறை வைத்து உடன் சென்று வரலாம். நமது பங்கில் இளைஞர்கள் சிலர் இதைச் செய்கிறார்கள்.

மௌனத்தைக் கலைப்போம்

தென்னாப்பிரிக்காவின் ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு அவர்களுக்கு 1997-ல் புரோஸ்டேட் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அதை அவர் மறைக்கவில்லை. அதன்பின் 24 ஆண்டுகள் வாழ்ந்து, 2021 டிசம்பர் 26 அன்று தம் 90-ஆம் வயதில் காலமானார். இந்நோயோடு நீண்ட காலம் வாழ இயலும் என்பதற்கும், அதைப்பற்றிப் பேசுவதில் இழிவு ஒன்றும் இல்லை என்பதற்கும் அவர் வாழ்வு சாட்சி.

நம் ஆண்கள் காய்ச்சல் என்றால் ஊருக்கே சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே நோய் என்றால் மனைவிக்கும் சொல்வதில்லை. சிறுநீரில் இரத்தம் வந்தும் ஆறு மாதம் அடக்கி வைத்தவர்களை நாம் அறிவோம். குருக்களாகிய நாமும் இதற்கு விதிவிலக்கு அல்ல. இந்தச் சுரப்பி திருநிலைப்பாடு பெற்றவர்களுக்கும் உண்டு, நோயும் வரும்.

திண்ணையில் காத்திருந்த அந்தப் பெரியவருக்குப் பி.எஸ்.ஏ. 14, கிளீசன் 7, நடுத்தர ஆபத்து. சர்க்கரை இல்லை. ஆனால் சில ஆண்டுகளாகவே சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஐந்தே நாளில் முடிந்துவிடும் முறையைத்தான் முதலில் விரும்பினார். மருத்துவரிடம் இரண்டாம் முறை சென்றபோது, தம் சிறுநீர்த் தொல்லையை வெளிப்படையாகச் சொன்னார். மருத்துவரும் அவரும் பேசி, 20 தடவை முறையும் 6 மாத ஊசியும் என்று முடிவாயிற்று. நகரில் உள்ள மகள் வீட்டில் நான்கு வாரம் தங்கினார். மூன்றாம் வாரம் மிகவும் தளர்ந்தார், பிறகு தேறினார். இன்றும் இரவில் இரண்டுமுறை எழுகிறார். ஊசி முடிந்து ஓர் ஆண்டாகியும் சில குறைகள் நீங்கவில்லை. பி.எஸ்.ஏ. இறங்கி நிற்கிறது.

அன்று அவர் விடைபெற்று வாசல்வரை சென்றுவிட்டுத் திரும்பி வந்து கேட்ட கேள்வியைச் சொல்லி முடிக்கிறோம். "சாமி, அவகிட்ட எப்படிச் சொல்றது?" "ஐயா, டாக்டரிடம் அடுத்தமுறை போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டரே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்" என்றோம். அப்படியே செய்தார். பின்னர் அந்த அம்மா நம்மிடம் சொன்னது: "நாப்பது வருசமா கூட இருக்கேன். ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறாருன்னு எனக்குத் தெரியாதா? என்ன வியாதின்னுதான் தெரியாம பயந்துகிட்டுக் கெடந்தேன்."

வாசகர்களே, உங்கள் வீட்டில் 50 வயதைக் கடந்த ஆண்கள் இருந்தால், குறிப்பாகத் தந்தைக்கோ சகோதரருக்கோ இந்நோய் இருந்திருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். அல்லது பக்கத்தில் அமர்ந்து வாசித்துக் காட்டுங்கள்.